கரிச்சான் சொன்ன தடம்

மருதங்குளத்தின் கரையில் பட்டுப்போன மருதமரம் ஒன்று நின்றது. அதன் உச்சிக் கொம்பில் ஒரு கரிச்சான் குருவி குடியிருந்தான். உடம்பு ஒரு கைப்பிடி. வால் மட்டும் கத்தரிக்கோல் மாதிரி இரண்டாகப் பிரிந்து நீளமாகத் தொங்கும். அதனால் காட்டில் எல்லாரும் அவனைக் கத்தரிவாலன் என்றே கூப்பிட்டார்கள்.

கரிச்சான்கள் சேவலுக்கும் முன்னால் விழித்துக்கொள்ளும் சாதி. விழித்த பிறகு வாயைச் சும்மா வைத்திருக்கத் தெரியாத சாதியும்கூட. கத்தரிவாலன் இந்த இரண்டையும் சேர்த்து ஒரு தொழிலாகவே ஆக்கிக்கொண்டான். இருள் பிரியும்போதே காட்டை ஒரு சுற்றுச் சுற்றுவான். பிறகு மருத உச்சியில் உட்கார்ந்து தொண்டையைச் செருமுவான்.

"நேயர்களே, வணக்கம். விடியல் செய்திகள். சிறுத்தை வடக்கு மேட்டில் வயிறு நிறைந்து உறங்குகிறது. அத்திமரத்தில் பழம் விழத் தொடங்கியிருக்கிறது. குரங்குகளின் குடும்பச் சண்டை இன்றும் தொடர்கிறது."

மானும் முயலும் மிளாவும் மரத்தடியில் நின்று காது கொடுத்துக் கேட்கும். கேட்ட பிறகுதான் மேய்ச்சலுக்குப் போகும். கத்தரிவாலன் தன் கண்ணால் பார்க்காத எதையும் சொல்ல மாட்டான். அதோடு, யாரைப் பற்றிச் சொன்னாலும் அவர் குரலிலேயே சொல்லிக் காட்டுவான். குரங்கின் இருமல், ஆந்தையின் முனகல், எல்லாம் அந்தச் சின்னத் தொண்டைக்குள் இருந்தன. காடு வயிறு வலிக்கச் சிரிக்கும்.

செய்தி முடிந்ததும் அவன் வெண்காலியின் முதுகில் வந்து உட்காருவான். வெண்காலி ஒரு காட்டெருமை. முழங்காலுக்குக் கீழே நாலு காலும் வெள்ளை. அவள் புல்லில் நடந்தால் பூச்சிகள் கிளம்பும். கத்தரிவாலன் பாய்ந்து பிடிப்பான். திரும்பவும் முதுகுக்கே வருவான். அவன் சாப்பாடு அவள் காலடியில் இருந்தது என்றே சொல்லலாம். அவளை அக்கா என்பான். அவளும் தம்பி என்பாள்.

அந்தக் காட்டில் ஒரு கட்டுப்பாடு உண்டு. கோடையில் தனியாகத் தண்ணீருக்குப் போகிறவன் சிறுத்தைக்கு விருந்து. ஆகவே எல்லாரும் ஒரே கூட்டமாக, ஒரே தடத்தில் குளத்துக்கு இறங்க வேண்டும். எந்தத் தடம் என்று சொல்ல ஒரு தடத்தலைவர் இருப்பார். கோடை பிறக்கும்போது எல்லாரும் கூடி, தமக்குப் பிடித்தவர் முன்னால் தலையைத் தாழ்த்துவார்கள். யாருக்கு அதிகத் தலை தாழ்கிறதோ அவரே தலைவர்.

பல கோடையாகக் கோரைப்பல்லன் என்ற காட்டுப்பன்றிதான் தலைவர். பிடித்துப்போய்த் தாழ்ந்த தலைகள் கொஞ்சம். பல்லைப் பார்த்துத் தாழ்ந்த தலைகள்தான் அதிகம். அவர் வரிசையை மீறி முதல் ஆளாகத் துறைக்கு ஓடிப்போய் நன்றாகப் புரண்டு எழுவார். மற்றவர்கள் அந்தச் சேற்றை வடிகட்டிக் குடித்துவிட்டு வருவார்கள். எல்லாருக்கும் தெரியும். பூனைக்கு மணி கட்டுவது யார்?

கத்தரிவாலன் கட்டினான்.

"விடியல் செய்திகள். தடத்தலைவர் கோரைப்பல்லன் இன்றும் குடிநீர்த் துறையில் புரண்டார். நேற்று நாம் குடித்தது அவர் முதுகு கழுவிய தண்ணீர். இன்று குடிக்கப்போவதும் அதுவே."

மரத்தடியில் மூச்சுச் சத்தம்கூட இல்லை. பிறகு ஒரு கேளையாடு களுக்கென்று சிரித்தது. அவ்வளவுதான், காடே சிரித்தது.

"டேய், எறங்கி வாடா கீழ," என்று கோரைப்பல்லன் மரத்தை முட்டினார்.

"நீங்க ஏறி வாங்க ஐயா மேல," என்றான் கத்தரிவாலன், பன்றியின் குரலிலேயே.

அவன் சொன்னது உண்மை. சொல்ல நெஞ்சுரம் வேண்டும். அந்த ஒரு காலைப் பொழுதுக்காக அவனை எத்தனை பாராட்டினாலும் தகும். கோரைப்பல்லன் அந்தக் கோடை முழுக்கக் கடைசி ஆளாக வந்து தண்ணீர் குடித்தார்.

ஆனால் அன்றைக்குக் கிடைத்த சிரிப்பு கத்தரிவாலனின் நாக்கில் ஒட்டிக்கொண்டது. மறுநாள் "அத்திப்பழம் விழுகிறது" என்றபோது யாரும் ஆரவாரம் செய்யவில்லை. வழக்கம்போலத் தலையாட்டிவிட்டுப் போனார்கள். அவனுக்கு இறகுக்குள் எறும்பு ஊர்கிற மாதிரி இருந்தது. கொம்பு மாறி உட்கார்ந்தான். திரும்பவும் மாறினான். எங்கே உட்கார்ந்தாலும் சரியாக இல்லை.

மழைக்காலம் வந்தது. சொல்லச் செய்தி குறைந்தது. செய்தி இல்லாவிட்டால் என்ன, அபிப்பிராயம் இருக்கிறதே!

"நேயர்களே, இந்தக் காலத்து மான்குட்டிகள் தாயை முந்திக்கொண்டு நடக்கின்றன. நம் காலத்தில் உண்டா இந்த அநியாயம்?"

அவன் 'நம் காலம்' என்று சொன்ன காலத்தில் அவன் முட்டைக்குள் இருந்தான். யார் கணக்குப் பார்த்தார்கள்? தாய்மான்கள் எல்லாம் "சரியாச் சொன்னான்" என்றன. மரத்தடியில் கூட்டம் பெருகியது. முன்னோர் மேய்ந்த புல்லே புல், முன்னோர் படுத்த நிழலே நிழல் என்று தினம் ஒரு பேச்சு. காட்டைச் சுற்றிப் பார்க்கிற வேலை மெல்லக் குறைந்தது. உச்சிக் கொம்பை விட்டு நகர்ந்தால் கூட்டம் கலைந்துவிடுமோ என்று பயம்.

அந்தச் சமயத்தில் கீழாறு மணல் மூடிப்போய், ஒரு நீர்நாய்க் குடும்பம் மருதங்குளத்துக்குக் குடிவந்தது. குடும்பத்துக்கு மூத்தவள் துடுப்பி. மீன் பிடிப்பதும் வளை தோண்டுவதுமாகத் தண்ணீருக்குள்ளேயே கிடப்பார்கள். யார் வம்புக்கும் போனதில்லை. கத்தரிவாலனுக்கு அது போதாதா? "நேற்று வந்தவர்கள்" என்று ஆரம்பித்தால் அன்றைய பேச்சு தானாக நடந்தது.

கோடை பிறந்தது. தலைவரைத் தேர்ந்தெடுக்கக் காடு கூடியது. ஒரு பக்கம் கோரைப்பல்லன். இன்னொரு பக்கம், வெண்காலியின் முதுகில், கத்தரிவாலன். அப்போது துடுப்பி ஈர உடம்போடு கரையேறி வந்தாள்.

"யாரு தலைவரா வந்தாலும் சரிங்க, ஒரு சொல்லு கேட்டுக்கங்க. நாங்க தண்ணிக்கு அடியில போய் வர்றவங்க. கெழக்குத் தடம் எறங்குற கரையில, அடி மண்ணெல்லாம் கரைஞ்சு போயிருக்கு. மேல காஞ்ச பொருக்கு, கீழ வெறும் கூழு. இந்தக் கோடைக்கு மேற்கால இருக்கற கல்லுத் தடத்துல எறங்குங்க."

எல்லாரும் கத்தரிவாலனைப் பார்த்தார்கள். 'போய்ப் பார்த்துவிட்டுச் சொல்கிறேன்' என்று அவன் சொல்லியிருக்கலாம். பழைய கத்தரிவாலன் அப்படித்தான் சொல்லியிருப்பான். ஆனால் இத்தனை முகங்கள் அண்ணாந்து பார்க்கும்போது பார்த்துவிட்டு வருகிறேன் என்றால் எவன் கைதட்டுவான்?

"நேயர்களே! கிழக்குத் தடத்தில் நிழல் இருக்கிறது. காற்று எதிரே வருவதால் சிறுத்தையின் வாடை முன்கூட்டியே தெரியும். மேற்கே கல்லில் குளம்பு பட்டால் சத்தம் வடக்கு மேடு வரைக்கும் கேட்கும். இதையெல்லாம் அறிந்துதான் நம் பாட்டன்மார் கிழக்கே தடம் போட்டார்கள். நேற்று வந்த நீர்நாய்க்கு இது தெரியுமா? பாட்டன் தடம் பழுதாகாது!"

நிழலும் காற்றும் பற்றி அவன் சொன்னது சரிதான். கரையைப் பற்றி அவன் எதுவும் சொல்லவில்லை என்பதை யாரும் கவனிக்கவில்லை.

"பாட்டன் தடம் பழுதாகாது!" என்று காடு திருப்பிக் கத்தியது. தலைகள் மளமளவென்று கத்தரிவாலன் பக்கம் தாழ்ந்தன. துடுப்பி திரும்பித் தண்ணீருக்குள் இறங்கிவிட்டாள். தோற்ற கோரைப்பல்லன் என்ன செய்தார் தெரியுமா? எல்லாரையும்விட உரக்க அந்தக் கோஷத்தைப் போட்டார். அரசியல் தெரிந்த பன்றி.

தலைவரான பிறகு கத்தரிவாலனுக்குத் தூக்கம் குறைந்தது. காலையில் பேச்சு, நடுப்பகலில் பேச்சு, மாலையில் மறுநாள் பேச்சைப் பற்றிய யோசனை. முதுகில் உட்கார்ந்தாலும் வால் துடித்துக்கொண்டே இருந்தது. பூச்சி கண்ணெதிரே பறந்தாலும் பிடிக்கத் தோன்றவில்லை.

ஒரு நாள் தண்ணீர் குடித்துத் திரும்பும்போது வெண்காலி நின்றாள்.

"தம்பி, ஒண்ணு சொல்லவா? துறைக்குக் கிட்டக்க கால வச்சா மண்ணு ஆடுது."

"ஆடுதா? எப்படி ஆடுது?"

"எப்படின்னு சொல்ல... படுத்துக் கெடக்கற உடம்பு மேல மிதிச்ச மாதிரி இருக்கு. எனக்குப் பயமா இருக்குப்பா. அந்த நீர்நாய் சொன்னதையும் ஒரு தரம் யோசிச்சுப் பாரேன்."

"பாக்கறேன்க்கா," என்றான் அவன். அக்கா பொய் சொல்ல மாட்டாள் என்று அவனுக்குத் தெரியும்.

மறுநாள் காலை மரத்தடியில் கூட்டம் கொஞ்சம் மந்தமாக இருந்தது. கத்தரிவாலனுக்குப் பதற்றம். என்ன சொன்னால் சிரிப்பார்கள்? யோசிக்கும் முன்பே வாய் திறந்துகொண்டது.

"நேயர்களே, நம் காட்டில் ஒரு பெரிய உடம்புக்காரிக்கு மண்ணைக் கண்டால் பயமாம்." குரலை வெண்காலியின் குரலாகக் கனமாக இழுத்தான். "எனக்குப் பயமா இருக்குப்பா... மண்ணு ஆடுதுப்பா..."

காடு விழுந்து விழுந்து சிரித்தது. முயல்கள் உடம்பை ஆட்டி ஆட்டி நடந்து காட்டின. வெண்காலி கூட்டத்துக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தாள். அவள் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. அன்று அவன் முதுகுக்கு வந்தபோது ஒதுங்கவுமில்லை. ஆனால் அதற்குப் பிறகு அவள் அவனிடம் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. அந்த மௌனத்தின் மேல் உட்காருவது முள்ளின் மேல் உட்காருவதாக இருந்தது.

இருப்புக் கொள்ளாமல் ஒரு மத்தியானம் தனியாகக் குளத்துக்குப் பறந்தான். கிழக்குத் தடத்துக்கு மேலே தாழப் பறந்து பார்த்தான். தண்ணீர் வற்றி இறங்கியிருந்தது. கரையோரத்தில் ஒரு விரிசல், நீளமாக, வளைந்து, தடத்தைக் குறுக்கே அறுத்துக்கொண்டு போயிற்று. விரிசலுக்குள் கறுப்பாக ஏதோ பளபளத்தது. கூழ்தான். துடுப்பி சொன்ன அதே கூழ்.

கூட்டம் இறங்கும்போது பாரம் அதிகமான ஆள்தான் முன்னால் போவது வழக்கம். புதர் விலக்கி வழி திறந்துவிட வேண்டும் அல்லவா? முன்னால் போகிறவள் வெண்காலி.

'நாளைக்குக் காலையில் சொல்லிவிடுகிறேன்,' என்று முடிவு செய்தான். 'கிழக்கே வேண்டாம், மேற்கே போவோம். ஒரே வாக்கியம். இதில் என்ன இருக்கிறது?' அன்று பொழுது சாயும்வரை அந்த ஒரே வாக்கியத்தைக் கொம்புக்குக் கொம்பு தாவிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே இருந்தான்.

விடிந்தது. மரத்தடியில் என்றைக்கும் இல்லாத கூட்டம். கத்தரிவாலன் தொண்டையைச் செருமினான்.

"நேயர்களே, வணக்கம். தடத்தைப் பற்றி இன்று ஒரு முக்கியமான..."

"பாட்டன் தடம்!" என்று எடுத்துக் கொடுத்தார் கோரைப்பல்லன்.

"பழுதாகாது!" என்றது கூட்டம்.

"இல்லை, நான் சொல்ல வந்தது..."

"சொல்லுங்க தலைவரே," என்று கோரைப்பல்லன் அண்ணாந்து பார்த்தார். பல் தெரியச் சிரித்தார். "தடத்த மாத்தப் போறீங்களா என்ன? நீர்நாய் சொன்னது சரின்னு சொல்லப் போறீங்களா?"

அத்தனை கண்களும் அவன் மேல். யாருடைய முகத்திலும் சிரிப்பில்லை. அந்த முகங்களைப் பார்த்ததும் ஒத்திகை பார்த்த வாக்கியம் எங்கோ ஓடிப்போயிற்று. வாய் மட்டும் திறந்திருந்தது. பழகிய வாய், பழகியதைச் சொல்லிற்று.

"பாட்டன் தடம் பழுதாகாது!"

ஆரவாரம் அடங்க நேரமாயிற்று. கூட்டம் கிளம்பியது. முன்னால் வெண்காலி நடந்தாள். கத்தரிவாலன் அவள் முதுகில் உட்காரவில்லை. தலைக்கு மேலே சிறகடித்துக்கொண்டே போனான். 'ஒன்றும் ஆகாது. இத்தனை நாள் ஆகவில்லையே. இன்றைக்கு மட்டும் தாங்கட்டும், நாளைக்குச் சொல்லிவிடுகிறேன்.' விரிசல் நேற்றைவிட அகலமாகத் தெரிந்தது.

வெண்காலி ஒரு காலை எடுத்து வைத்தாள். பொருக்கு உடைந்தது. முன்னங்கால் இரண்டும் முட்டி வரை போயின. எழ உதறினாள்; பின்னங்கால்களும் போயின. பார்த்துக்கொண்டிருக்கும்போதே வயிறு வரை சேறு.

"அக்கா!" என்று கத்தரிவாலன் வீறிட்டான்.

தடத்தின் இருபுறமும் புதர். வளைவுக்குப் பின்னால் வருகிறவர்களுக்கு முன்னால் நடந்தது தெரியவில்லை. தாகம் அவர்களை நெட்டித் தள்ளியது. மிளா, மான், பன்றிகள், குட்டிகள், எல்லாரும் அந்தச் சேற்றை நோக்கி வந்துகொண்டிருந்தார்கள். கத்தரிவாலன் அவர்கள் முகத்துக்கு நேரே பறந்தான்.

"நில்லுங்க! கரை இடிஞ்சு போச்சு. திரும்பிப் போங்க, இந்தத் தடம் வேணாம்!"

"என்ன சொல்றான் இவன்?" என்றது ஒரு மிளா.

"இப்பத்தானே மரத்துல உட்கார்ந்து வேற சொன்னான்," என்றது இன்னொன்று.

கோரைப்பல்லன் காத்திருந்த நேரம் வந்துவிட்டது. "பாத்தீங்களா? நீர்நாய் கூடச் சேர்ந்துட்டான். மீன் வாங்கித் தின்னுட்டானோ என்னவோ! பாட்டன் தடத்தையே வேணாங்கறான்!"

"துரோகி," என்றது கூட்டம். "பாட்டன் தடம் பழுதாகாது! பாட்டன் தடம் பழுதாகாது!"

அவன் கட்டிக் கொடுத்த வார்த்தை. அவன் சொல்லிக் கொடுத்த ராகம். கோரைப்பல்லன் முன்னால் வர, அதே ராகத்தில் அவர்கள் அவனைத் தள்ளிக்கொண்டு முன்னேறினார்கள். அவன் குரலை உயர்த்தினால் அவர்கள் அதைவிட உயர்த்தினார்கள். யார் குரலிலும் பேச வல்ல அந்தத் தொண்டைக்கு, அன்று ஒரு குரலும் உதவவில்லை.

கத்தரிவாலன் பேச்சை நிறுத்தினான். சிறகை மடக்கினான். வளைவு திரும்பும் இடத்தில், கோரைப்பல்லனின் காலுக்கு முன்னால், உடைந்த பொருக்கின் மேல், தொப்பென்று இறங்கி நின்றான்.

மரக்கொம்பையும் எருமை முதுகையும் தவிர வேறெதிலும் நின்றறியாத குட்டைக் கால்கள். இரண்டு எட்டு வைத்தான். கால் போயிற்று. நெஞ்சு போயிற்று. நீண்ட வால் சேற்றில் அமிழ்ந்தது. சிறகை விரிக்கப் பார்த்தான். கூழ் அப்பிக்கொண்டு சிறகு எழவில்லை. மண்ணுக்கு மேலே கறுப்பாக ஒரு தலையும் திறந்த அலகும் மட்டும் நின்றன.

கோரைப்பல்லன் தூக்கிய காலை அப்படியே நிறுத்தினார். பன்றிக்குச் சேறு தெரியும். ஒரு கைப்பிடிக் குருவியைத் தாங்காத சேற்றில் தன் உடம்பு என்ன ஆகும் என்று கணக்குப் போட அவருக்குக் கோஷம் தேவைப்படவில்லை.

"நில்லுங்கடா!" என்று பின்பக்கம் திரும்பி உறுமினார். அந்த உறுமலுக்குக் கூட்டம் நின்றது.

அப்போதுதான் வெண்காலியின் மூச்சிரைப்பு எல்லாருக்கும் கேட்டது. தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை எழும்பியது. துடுப்பியும் அவள் குடும்பமும் வந்துவிட்டார்கள்.

"பின்னால போகாதீங்கம்மா, இன்னும் புதையும்," என்றாள் துடுப்பி. "முன்னால தண்ணியப் பாத்துச் சாய்ஞ்சு குடுங்க. நாங்க அடியில தோண்டி வழி விடறோம்."

நீர்நாய்கள் வளை தோண்டுகிற வேகத்தில் தோண்டின. குளத்துத் தண்ணீர் அந்த வழியே உள்ளே பாய்ந்து சேற்றை இளக்கிற்று. வெண்காலி மூச்சைப் பிடித்து ஒரு சாய்ப்புச் சாய்ந்தாள். சேறு அவளை விட மனமில்லாமல் விட்டது. ஆழத்துக்குள் வழுக்கி விழுந்து, தலையை உயர்த்தி, நீந்தத் தொடங்கினாள். போகிற வழியில் துடுப்பி வாயில் கவ்விக் கொண்டுவந்த ஒரு சேற்று உருண்டையைத் தன் கொம்புக்கு நடுவில் வாங்கி வைத்துக்கொண்டாள். அந்த உருண்டைக்கு மூச்சு இருந்தது.

மேற்குக் கரையில் கல் தடத்தின் மேல் அவனை இறக்கிவிட்டாள். கூட்டமும் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தது. கத்தரிவாலன் சேறு ஒழுக நின்று வெண்காலியைப் பார்த்தான்.

"அக்கா, வெடிப்ப நான் நேத்தே பாத்தேன். பாத்துட்டும் சொல்லல."

வெண்காலியின் காலில் ரத்தம் வழிந்துகொண்டிருந்தது.

"நான் சொன்னத நீ நம்பலன்னாகூட எனக்கு வருத்தமில்ல," என்றாள். "நீ நம்பிட்டும் எல்லாரையும் சிரிக்க வச்சியே, அதுதான்."



கூட்டத்துக்குத் தாகம் பொறுக்கவில்லை. முன்னால் நின்ற மிளா தயங்கித் தயங்கிக் கேட்டது. "தலைவரே, இப்ப எந்தத் தடத்துல எறங்குறது? நீங்க சொன்னாத்தானே..."

பழக்க தோஷம், அலகு தானாகத் திறந்தது. கத்தரிவாலன் அதை மூடிக்கொண்டான். பிறகு கோஷமும் ராகமும் இல்லாமல் தன் சொந்தக் குரலில் மெல்லச் சொன்னான். "எனக்குத் தெரியாது. நான் நடந்ததில்ல. அக்காவக் கேளுங்க."

வெண்காலி நொண்டியபடி முன்னால் போனாள். ஒவ்வொரு கல்லாக மிதித்துப் பார்த்து, அசையாத கல்லில் நின்று, "வாங்க" என்றாள். ஒவ்வொருவராக இறங்கினார்கள். கத்தரிவாலன் எல்லாருக்கும் பின்னால், ஈரச் சிறகை இழுத்துக்கொண்டு, நடந்தே போனான்.

நடக்கிறவரைக் கேட்காமல் பறக்கிறவர் வழி சொன்னால், புதைவது நடக்கிறவரின் கால்தான்.